மைக்கேல் பாரடேயும் நம் நாட்டு உருக்கும்

மைக்கேல் பாரடே என்றவுடன் நம்மவர்க்கு நினைவில் எழுவது மின்சாரம். காந்தத்தின் துணையால் மின்சாரத்தை உண்டாக்கும் வழியை 1831-ம் ஆண்டில் அவர் கண்டறிந்தார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் அப்பெரியார் தமது வாலிபப் பருவத்தில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள், மற்ற அலுவல்களுக்கிடையே, உருக்கு ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார் என்பதும், அவ்வாராய்ச்சியைத் தூண்டியவை நம் தேசத்துக் கொல்லர்கள் மூசையிலிட்டு உருக்கிய சில கட்டிகளே என்பதும் பலர் கேட்டறியாத செய்திகள். அவருடைய ஜீவிய சரித்திரத்தை எழுதினோரிற் பெரும்பாலோர் இப்பகுதியை நாலைந்து வரிகளில் கடந்து விடுகின்றனர். அவர் சரித்திரத்தில் நமக்கு நேரான உரிமையுள்ள பகுதி இதுவே யாகையால், நாம் இதனையே விரித்துக் கூற விரும்புகிறோம்.

பாரடே 1791-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ந் தேதி, லண்டன் மாநகரை அடுத்த நியூவிங்டன் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பாரடே கொல்லர். வடக்கே வெஸ்ட்மார்லண்ட் பிரதேசத்திலிருந்து பிழைப்பு நாடி லண்டனுக்கு வந்தவர். உடல் நலம் குன்றியவர். சம்மட்டி பிடிக்க முடியாத நாட்களே அவருக்கு மிகுதி. 1801-ம் ஆண்டில் தானிய விலை உச்சத்துக்கு ஏறிய காலத்தில், சிறுவன் மைக்கேலுக்கு வாரம் ஒன்றுக்கு ஒரு ரொட்டி என்று அளந்து கொடுக்கும்படி நேர்ந்தது. எழுத்து, வாசிப்பு, சிறிது கணக்கு, இவ்வளவே அவர் பெற்ற பள்ளிப் படிப்பு. அக்குடும்பத்தார் ஸாண்டிமேனியர் என்னும் சிறியதொரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். பொருள் சேர்ப்பதைப் பெருமையாகக் கருதாத சபை அது. அந்தக் கொள்கை பாரடேயை இறுதிவரை விட்டு அகலவில்லை.

பதின்மூன்றாம் வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் ஏவலாளாகச் சேர்ந்தார். மறு ஆண்டு, 1805-ல், அங்கேயே ஏழாண்டு ஒப்பந்தத்தில் புத்தகங்கட்டும் தொழிலைப் பயிலலானார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தும் பார்த்தார். கலைக் களஞ்சியத்திலிருந்த மின்சார வியாசமும், மார்ஸெட் என்னும் அம்மையார் சம்பாஷணை ரூபத்தில் எழுதிய ரஸாயன நூலும் அவரைப் பற்றிக் கொண்டன. படித்ததை நம்பி விடாமல், கையிலிருந்த சில்லறைக் காசுக்குச் சாமான் வாங்கிப் பரிசோதித்துப் பார்த்தார். 1810-ல் தந்தை இறந்தார். 1812-ல் கடைக்கு வந்து போகும் கனவான் ஒருவர், ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்னும் விஞ்ஞான ஸ்தாபனத்தில் ஸர் ஹம்பரி டேவி நிகழ்த்திய பிரசங்கங்களுக்கு நுழைவுச் சீட்டுக் கொடுத்தார். பாரடே நான்கு பிரசங்கங்களைக் கேட்டு, குறிப்பெடுத்து, சித்திரங்கள் வரைந்து, ஏறத்தாழ முந்நூறு பக்கங்கொண்ட புத்தகமாகத் தம் கையாலேயே கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சு முதல் தேதி ரஸாயன சாலையில் உதவியாளர் வேலை கிடைத்தது. வாரம் இருபத்தைந்து ஷில்லிங் சம்பளம். தங்குவதற்கு மாடியில் இரண்டு அறைகள்.

அவ்வாண்டின் இறுதியில் டேவியுடன் ஐரோப்பாவைச் சுற்றிவரப் புறப்பட்டார். டேவியின் வேலையாள் பயணத்துக்கு வர மறுத்ததால், விஞ்ஞான உதவியாளரே உடுப்பு மடிக்கும் வேலையையும் ஏற்க வேண்டியதாயிற்று. டேவியின் மனைவி செல்வக்குடியிற் பிறந்தவர். கொல்லன் மகனை ஏவலாளாகவே நடத்தினார். பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதென்று எண்ணுவோர் இதைக் கவனிப்பார்களாக. 1815-ல் பாரடே லண்டனுக்குத் திரும்பி மறுபடியும் ரஸாயன சாலையில் அமர்ந்தார்.

இனி உருக்கின் கதைக்கு வருவோம். டமாஸ்கஸ் வாள் என்று ஐரோப்பியர் வழங்கிய வாள்களின் அலகில், ஓடும் நீரின் மேல் தோன்றும் நெளிவு போன்ற வரிகள் காணப்படும். சாணை பிடித்தாலும் அவை அழிவதில்லை. ஏனெனில் அவை மேலே தீட்டிய சித்திரமல்ல, உலோகத்தின் உள்ளமைப்பே. அவ்வாள்களுள் சிறந்தவற்றைப் பாரசீகத்திலும் அதைச் சூழ்ந்த நாடுகளிலும் கொல்லர்கள் அடித்தனர். அதற்கான உருக்குக் கட்டிகளிற் பெரும்பகுதி தென்னிந்தியாவிலிருந்தும் தக்காணத்திலிருந்தும் சென்றது. தெலுங்கு நாட்டுக் கோனசமுத்திரம் அவ்வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற ஊர். இவ்வுருக்கின் மாதிரிகளை 1794-ல் பம்பாயிலிருந்த டாக்டர் ஹெலினஸ் ஸ்காட் லண்டனுக்கு, ராயல் சொஸைட்டியின் தலைவராயிருந்த ஸர் ஜோஸப் பாங்க்ஸுக்கு அனுப்பினார். மறு ஆண்டில் டாக்டர் ஜார்ஜ் பியர்ஸன் அதைச் சோதித்து எழுதிய கட்டுரையில் ஊட்ஸ் என்ற பெயர் அச்சேறிற்று. கன்னடத்தில் உருக்கைக் குறிக்கும் உக்கு என்னும் சொல்லே இவ்வாறு திரிந்தது என்பர். நம் உருக்கு என்னும் சொல்லோ, உருக்குதல் என்ற செயலையே தன்னுள் அடக்கிக் கொண்டிருக்கிறது. அக்காலத்து ஐரோப்பாவிற் பெரும்பாலும் இரும்பை உருக்காமலே கரியிற் புதைத்துக் காய்ச்சி உருக்காக்கினர். நம்மவர் திரவமாகவே உருக்கினர். சொல்லிலேயே செய்முறை இருக்கிறது!

அச்செய்முறையைச் சேலம் ஜில்லாவிற் கண்டெழுதியவர் ஹீத் என்னும் ஆங்கிலேயர். உலையில் எடுத்த இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, உமி கலந்து பிசைந்த களிமண் மூசையில் இடுவார்கள். ஆவாரஞ் சுள்ளிகளைத் துணித்துச் சேர்ப்பார்கள். மேலே எருக்கிலை ஒன்றிரண்டை வைத்து, ஈரக் களிமண்ணால் வாயை அடைத்து விடுவார்கள். பல மூசைகளை உலையில் ஒன்றாக அடுக்கிச் சில மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். ஆறிய பின் மூசையை உடைத்தால் உள்ளே கட்டி இருக்கும். சுள்ளியும் இலையும் கரிந்து இரும்புக்குக் கரிச்சத்தைக் கொடுக்கின்றன. அடைத்த வாய் காற்றைத் தடுக்கிறது. இக்காலத்து ரஸாயன நிபுணர் இதிற் குறை காண்பதற்கில்லை. இந்த ஹீத், பறங்கிப்பேட்டையில் 1830-ம் ஆண்டளவில் பெரியதோர் இரும்பாலை வைத்து நஷ்டப்பட்டவர். பின்னர்ச் சீமையில் உருக்கைப் பற்றிய ஒரு பேடன்டு உரிமைக்காக வழக்காடி, தீர்ப்பு முடிவாகுமுன் 1851-ல் காலமானவர். நம் தொழிலைச் சேர்ந்தவர்கள் அவ்வழக்கை இன்றும் எடுத்துப் பேசுவதுண்டு.

பாங்க்ஸிடமிருந்து இந்திய உருக்கைப் பெற்றவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட். ரண சிகிச்சைக் கத்திகள் செய்து லண்டனில் கடை நடத்தியவர். தாம் கையாண்ட உருக்குகளில் ஊட்ஸே சிறந்ததென்று தம் கடையின் விளம்பரச் சீட்டிலேயே அச்சிட்டு வைத்தார். சீமை வியாபாரி ஒருவர் நம் கொல்லனுக்கு எழுதிக் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் அது. அதன் இரகசியத்தை அறிய வேண்டுமென்ற ஆவலால் அவர் 1818-ல் பாரடேயுடன் கூடினார். ஒருவர் உருக்கின் இயல்பைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர். மற்றவர் கொல்லுலையருகே பிறந்து தராசும் திராவகமும் கையாளக் கற்றவர். இவ்விருவரின் சேர்க்கைதான் நம் கவனத்துக்குரியது.

1819-ல் பாரடே ஊட்ஸைப் பகுத்துக் கண்ட முடிவை வெளியிட்டார். அவ்வாண்டுக் கோடையில் வேல்ஸ் நாட்டைக் கால்நடையாகச் சுற்றி, டௌலெய்ஸ் இரும்பாலையை நேரிற் பார்த்தார். 1820-ல் ஸ்டோடார்டுடன் சேர்ந்து விரிவான கட்டுரை எழுதினார். அதற்கு இரண்டாண்டுக்குப் பின் வந்த கட்டுரை ராயல் சொஸைட்டியின் வெளியீட்டிலேயே இடம் பெற்றது. பரிசோதனைக்காக ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஊதுலை ஒன்றை அமைத்து, இந்தியக் கட்டியை மீண்டும் உருக்கினார்கள்; அடித்து நீட்டினார்கள்; மெருகிட்டு நீர்த்த திராவகம் தடவினார்கள். வரிகள் தோன்றின! மறுபடி உருக்கி அடித்தாலும் மறுபடி தோன்றின. அதுவரை ஐரோப்பாவில் பலர், இரும்புக் கம்பியையும் உருக்குக் கம்பியையும் முறுக்கிக் காய்ச்சி ஒட்டுவதால் இவ்வரி உண்டாகிறதென்று நம்பி, அவ்வாறே போலி வாள்கள் செய்து வந்தனர். ஒட்டு வேலையை உருக்கினால் வரி அழிந்துவிடும், ஊட்ஸில் அழியவில்லை. எனவே, உருக்கு ஆறி இறுகும்போது அதனுள் அமையும் படிகங்களே சம்மட்டி அடியால் நீண்டு வரியாகின்றன என்று இருவரும் துணிந்தனர். நுண்ணோக்கியின் கீழ் உலோகத்தை வைத்துப் பார்க்கும் சாஸ்திரம் பிறவாத காலத்தில், கண்ணையும் திராவகத்தையும் கொண்டே இவ்வளவு தூரம் சென்றது சாமானியமான காரியமன்று.

ஆனால் அப்படிகங்களுக்குக் காரணம் யாது என்ற கேள்விக்கு அவர் சொன்ன விடை பிழைபட்டது. பகுப்பில் ஊட்ஸினுள் அலுமினிய மண் சிறிது கிடைத்தது. அலுமினியமே இவ்வுருக்கின் உயிர் என்று பாரடே கருதினார். அதைச் சோதிக்க, இரும்பைக் கரியுடன் காய்ச்சிக் கரிச்சத்து மிகுந்த பொருளாக்கி, அதைப் பொடித்துத் தூய அலுமினிய மண்ணுடன் கலந்து கடுஞ்சூட்டில் வாட்டினார். அதில் விளைந்ததைச் சிறிதளவு எடுத்து நல்ல உருக்குடன் உருக்கிச் சேர்த்தார். அடித்துத் திராவகம் இட்டபோது அழகிய வரி தோன்றிற்று. செயற்கை ஊட்ஸ் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தார். நியாய ஸ்தலத்தில் பழகியவர்கள் இதைக் கண்டிருப்பார்கள்: சாட்சி உண்மையே பேசுகிறான், ஆனால் அவன் பேச்சு வேறொரு சங்கதியை நிரூபிக்கிறது. பாரடேயின் கலவையில் அலுமினியத்துடன் கரிச்சத்தும் அதிகமாகச் சென்றிருந்தது. வரியை உண்டாக்கியது கரிச்சத்து, பெயரெடுத்தது அலுமினியம்.

அவ்வாராய்ச்சி பிரஞ்சு மொழியில் வெளிவந்து பாரிஸ் நாணயசாலை அதிகாரி பிரயான் என்பவரைத் தூண்டிற்று. அவர் ஏறக்குறைய முந்நூறு பரிசோதனைகள் செய்து, வரிக்குக் காரணம் கரிச்சத்தே என்று 1823-ல் அறிவித்தார். ருஷியாவில் ஸ்லடாவுஸ்ட் நகரத்து அனோஸாவ் 1831-ல் உருக்கின் முகத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஊட்ஸில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கரிச்சத்து உண்டென்பதும், கரியும் இரும்பும் கூடிய கடினமான துகள்கள் வரிசையாக நிற்பதே வெண்ணிற வரியாகத் தெரிகிறது என்பதும் இன்று ஐயமற விளங்கியவை. இத்துடன் பாரடேயின் கட்சி முழுத்தோல்வி என்று தீர்த்துவிடலாமா? கூடாது என்பது நம் அபிப்பிராயம். ஏனெனில், கரிச்சத்து மட்டும் போதுமானால் அளவறிந்து கலந்தவர் எவரும் டமாஸ்கஸ் வரியை வரவழைத்திருக்க வேண்டும். அங்ஙனம் நிகழவில்லை.

ஸ்விட்ஸர்லாந்தில் ஹென்றி மோஸர் என்னும் சேகரிப்பாளர் தம்மிடமிருந்த பழைய வாள்கள் சிலவற்றை அறுத்துச் சோதிக்கவே கொடுத்து விட்டார். ஷோக்கே என்பவர் அவற்றைப் பகுத்து 1924-ல் வெளியிட்டார். அவற்றில் எஞ்சிய துண்டுகளை அமெரிக்காவில் பேராசிரியர் வெர்ஹோவன் மீண்டும் ஆராய்ந்தார். அவருக்குத் துணை நின்றவர் அல்பிரட் பென்ட்ரே என்னும் கொல்லர். ஸ்டோடார்டும் பாரடேயும் போன்ற அதே ஜோடி. 1998-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு யாதெனில், தாதுவிலிருந்து வந்து சேரும் வனேடியம் போன்ற உலோகங்கள் நூறாயிரத்தில் சில பங்கேனும் இருந்தால்தான், பலமுறை காய்ச்சி அடிக்கும்போது கரித்துகள்கள் வரிசையில் கூடுகின்றன. இராவிட்டால் சிதறிப் போகின்றன. ஆகவே, அற்ப அளவில் கலந்த அந்நியப் பொருளொன்று காரியத்தை நடத்துகிறது என்ற பாரடேயின் ஊகம் சரியே. பொருளின் பெயர்தான் தவறு. வனேடியம் ஒரு தனி உலோகம் என்று ஸ்வீடனில் நிலைநாட்டப்பட்டதே 1830-ல். பதினோராண்டு முந்திப் பகுத்தவர் அதை எப்படிக் கண்டிருக்கக் கூடும்? பின்னும், 2006-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், ஷோக்கே அறுத்த வாள்களுள் ஒன்றில் அணுவளவை ஒட்டிய கரிக்குழாய்களைக் கண்டதாக அறிவித்தனர். அதன் பொருளைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் உண்டு.

இங்கு நாம் ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பாற் செல்வதற்கில்லை. பாரடே ஊட்ஸைப் பகுத்த நாளில் சேலத்திலும் மைசூரிலும் தக்காணத்திலும் மூசைகள் எரிந்து கொண்டிருந்தன. நூறாண்டுக்குள் அவை அவிந்தன. கப்பலில் வந்த மலிவான சீமை இரும்பு, 1856-ல் பெஸ்ஸிமர் கண்ட புதுமுறை, காட்டுக் கரியை எடுக்கவொட்டாத வனச் சட்டங்கள், 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் என்று காரணங்கள் பல. அந்நிய ஆட்சியின் பொறுப்பை நாம் குறைத்துரைக்கப் போவதில்லை. ஆனால் குற்றப் பத்திரிகையில் நம் பெயரும் ஏறவேண்டும். எந்த மலைத் தாது நல்லது, எவ்வளவு சூட்டில் அடிக்க வேண்டும் என்பதை அறிந்த கொல்லனுக்கு ஏடு கொடுத்தவர் இல்லை. ஏடு வைத்திருந்தவர் உலைப் பக்கம் போகவில்லை. தந்தை சொல்ல மகன் கேட்டு வந்த வித்தை, மகன் வேறு பிழைப்புக்குப் போன அன்றே மறைந்தது. ஆவாரஞ் சுள்ளியையும் எருக்கிலையையும் பற்றி நாம் அறிவதற்கும் ஹீத் எழுதிய கட்டுரையைத் தேட வேண்டியிருக்கிறது. இங்கிலாந்திலோ கொல்லன் மகன் ஒருவனே புத்தகங் கட்டி, புத்தகம் படித்து, உலையையும் ஏட்டையும் ஒருங்கே கையாண்டான். அவன் செய்த பிழைகூட எழுத்தில் இருந்தபடியால், பிரயான் அதைப் படித்துத் திருத்த முடிந்தது.

பாரடேயின் உருக்கு வேலை ஊட்ஸுடன் நிற்கவில்லை. வெள்ளி, பொன், நிக்கல், பிளாட்டினம், ரோடியம், குரோமியம் முதலியவற்றை உருக்குடன் கலந்து பார்த்தார். ஐந்நூற்றில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்தால் அது உருக்கோடு ஒன்றுகிறது என்றும், அதிகமானால் முத்து முத்தாக வெளியே பிதுங்குகிறது என்றும் கண்டார். ரோடியம் கலந்த உருக்கு அவருக்கு மிகவும் பிடித்தது. அதில் சவரக் கத்திகள் செய்வித்து நண்பர்களுக்கு அளித்தார். ஷெப்பீல்டு நகரத்து ஆலையில் பேரளவிலும் உருக்கிப் பார்க்கப்பட்டது. ஆயினும் கத்தி வியாபாரிகளுக்குக் கிடைத்த லாபம் சொற்பம். 1823-ல் ஸ்டோடார்ட் இறந்தார். அடுத்த ஆண்டுடன் பாரடே உலையை விட்டு விலகினார்.

அவர் வாழ்வின் மற்ற நிகழ்ச்சிகள் உலகறிந்தவை. 1821-ல் ஸாரா பார்னார்டை மணந்தார். அவ்வாண்டிலேயே மின்சாரத்தால் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலச் செய்தார். 1824 ஜனவரியில் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். அவரை எடுத்து வளர்த்த டேவியே அதை எதிர்த்தார் என்பது வருந்தத்தக்கது. எனினும் பெட்டியில் விழுந்த எதிர்ச் சீட்டு ஒன்றுதான். 1825-ல் பென்ஸீனைக் கண்டார். 1831 ஆகஸ்டு 29-ந் தேதி காந்தத்தினின்று மின்சாரத்தைப் பெற்றார். பின்னாளில் ராயல் சொஸைட்டியின் தலைமைப் பதவி தேடி வந்தபோது வேண்டாமென்று மறுத்து, ஸாண்டிமேனியர் சபைக்குத் தவறாது போய்வந்து, எளிய வாழ்வே வாழ்ந்தார். 1858 முதல் அரசி அளித்த ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில் வசித்து, 1867 ஆகஸ்டு 25-ந் தேதி தம் நாற்காலியில் அமர்ந்தபடியே காலமானார். பெரியோரை அடக்கம் செய்யும் வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்திலன்றி, ஹைகேட் மயானத்தில் ஆடம்பரமின்றிப் புதைக்கப்பட்டார்.

1931-ல், மின்சாரக் கண்டுபிடிப்பின் நூற்றாண்டு கொண்டாடப்பட்ட சமயத்தில், பாரடேயின் பெயர் பொறித்த சிறு மரப் பெட்டி ஒன்று உருக்கு நிபுணர் ஸர் ராபர்ட் ஹாட்பீல்டின் பார்வைக்கு வந்தது. உள்ளே அவர் ஸ்டோடார்டுடன் உருக்கிய மாதிரிகள் எழுபத்தொன்பது இருந்தன. ஹாட்பீல்டு ஒவ்வொன்றிலும் மிகச் சிறிய துணுக்கையே எடுத்துப் பகுத்து, பிளாட்டினமும் ரோடியமும் பொன்னும் வெள்ளியும் குரோமியமும் அவற்றிற் கலந்திருப்பதைக் கண்டு, அவ்வாண்டே ஒரு புத்தகமாக எழுதினார். நம் நாட்டில் ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணலிலும், தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரிலும் மண்ணிலிருந்து எடுத்த உடைந்த மூசைச் சில்லுகள் ஆராய்ச்சிக் கூடங்களுக்குச் சென்றிருக்கின்றன. சில்லின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் உலோகத் துளியை நுண்ணோக்கியில் வைத்து, அதனை உருக்கியவர்கள் செய்தது என்ன என்று அறிஞர் படித்து வருகின்றனர்.